தண்ணிக் கள்ளனின் அக்கா

சமாதானம் என்றால் சண்டை போடாமல் இருப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படிப் பார்த்தால் நான் பெரிய சமாதானக்காரி. தம்பியோடு இரண்டு வருடமாக ஒரு சண்டையும் இல்லை, பேச்சே இல்லையே!

சாகாமத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்து வயல். அவனுடையது மேலே, என்னுடையது கீழே. தண்ணீர் குறைந்த ஒரு கோடைச் சிறுபோகத்தில் என் பயிர் வாடியது. அவன் வரம்பில் தண்ணீர் பாய வெட்டியிருக்கும் வக்கடையை அடைத்து எனக்கு வரும் தண்ணீரை மறித்துவிட்டான் என்று நானே முடிவு கட்டி, வயற்காரர் அத்தனை பேர் முன்னாலும் "தண்ணிக் கள்ளன்" என்று கத்தினேன். என் தொண்டைக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது. தேவாலயத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டான்.

ஒரு மாதத்துக்குள் உண்மை தெரிந்தது. மேலே வாய்க்கால் உடைந்து கிடந்திருக்கிறது. அவனுக்கும் தண்ணீர் வரவில்லை. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. அவனும்தான் என்னைத் திட்டினானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

இந்த வருடம் கல்முனையில் எங்கள் தேவாலயத்தின் அறுவடைத் திருநாள். புது அரிசிப் பையோடு காணிக்கை வரிசையில் நின்றேன். உன்மேல் மனக்குறையுள்ள சகோதரன் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவனிடம் போ என்ற பகுதியைப் போதகர் வாசித்தார். எத்தனையோ தரம் கேட்டதுதான். கேட்கும்போதெல்லாம், நான் யாரை மன்னிக்க வேண்டும் என்றே யோசித்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவளுக்குத்தான் அதைச் சொல்லியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. வெட்கத்தில் காது சுட்டது. பையைப் பீடத்துப் படியில் வைத்துவிட்டு, நடு ஆராதனையில் வெளியே வந்து ஓட்டோ பிடித்தேன்.

பாண்டிருப்பில் தம்பி வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு தண்ணீர்க் குழாயைப் பூட்டினான். வாங்க என்று சொல்லவில்லை.

"அண்டைக்கு நீ வக்கடையை அடைக்கல்ல. அது எனக்கு அந்த மாசமே தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருந்தன். பிழை என்னில, தம்பி."

கையிலிருந்த துணியைப் பிழிந்து கைபிடியில் போட்டான்.

"கத்தினது வயலில. இப்ப வீட்டுக்க வந்து மெதுவாச் சொல்றீங்க. என்ட புள்ளைகளையும் அந்தப் பேரைச் சொல்லித்தான் பகிடி பண்றானுகள்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மன்னிப்புக் கேட்ட பிறகும் பேசுகிறானே! ஆனால் அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. "புதன்கிழமை கூட்டம் இருக்கு. அங்க வாறன்" என்றேன்.

சிறுபோகம் தொடங்குமுன் நடக்கும் கூட்டம் அது. தமிழரும் முஸ்லிம்களுமாக விவசாயிகள் நிறைந்திருந்தார்கள். தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானையார் பேசி முடித்ததும் எழுந்தேன். அன்றைக்கு வயலில் கத்திய அதே தொண்டையில் சொன்னேன்.

"என்ட தம்பி கள்ளன் இல்ல! வாய்க்கால் உடைஞ்சுதான் தண்ணி நிண்டது. அது தெரிஞ்சும் ரெண்டு வருசமா மறைச்சது நான். இனி ஆரும் அந்தப் பேரைச் சொன்னா என்னோட வந்து கதைக்கட்டும்!"

பிறகு அந்தப் பெயரை அதிகம் சொன்ன சாய்ந்தமருதுக்காரர் ஒருவர் எழுந்து, பின்வரிசையில் இருந்த தம்பியின் பக்கம் திரும்பினார்.

"நானும் சொல்லியிருக்கன் தம்பி. மாப்புச் செய்ங்க."

"ஓம்" என்றான் தம்பி. நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தான். என் ஆண்டவரே, அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம்! வாயை மூடிக்கொண்டு இருந்த இரண்டு வருடத்தில் ஒரு நாளும் அப்படி ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை.

கூட்டம் கலைந்ததும் பஸ்ஸுக்கு நடந்தேன். பின்னால் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"ஏறுங்க அக்கா."

இரண்டு வருடம் கேட்காத சொல். ஏறி உட்கார்ந்தேன். வழியில் கண்ட வயற்காரர் அத்தனை பேருக்கும், தேர்தலில் வென்றவள்போலக் கையை உயர்த்திக் காட்டிக்கொண்டே போனேன்.

"கையை இறக்குங்க, விழப்போறீங்க" என்றான் தம்பி.

நான் இறக்கவில்லை.