தப்பிப்போன அமாவாசையும் எங்கள் ஊர் பி.ஏ.வும்

பிரியமானவர்களே, சபையில் இந்த இடத்தில் நின்று சாட்சி சொல்கிறவர்கள் அழுவார்கள். எனக்கு அழுகை வராது. நான் ஆண்டவரோடு சண்டை போட்டவள். அந்தச் சண்டையைத்தான் சொல்லப் போகிறேன்.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள். காஞ்சிபுரத்தில் எங்கள் கல்லூரி பி.யு.சி.யோடு நின்றுவிடும். ஒரு வருஷப் படிப்பு, அவ்வளவுதான். அதற்கு மேல் பி.ஏ. வேண்டுமென்றால் மெட்ராசுக்குப் போய் ஹாஸ்டலில் தங்க வேண்டும். என் அப்பா ஒரு அரசு ஆபீசில் பியூன். அவருக்கு முந்தினவர்கள் எல்லாம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டே போய்ச் சேர்ந்தவர்கள். எங்கள் தெருவில் பி.யு.சி. பாஸ் செய்த முதல் பெண் நான். ரிசல்ட் வந்த அன்று அம்மா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். மறுநாள் காலை அப்பா, "போதும்மா படிச்சது" என்றார்.

மூன்று வருஷம் அதே கல்லூரி லைப்ரரியில் தினக்கூலிக்கு வேலை செய்தேன். அட்டை எழுதுவேன், தூசி தட்டுவேன். மற்றவர்கள் உட்கார்ந்து படிப்பார்கள், நான் துடைப்பேன். வயிறு எரிந்தது. சபையில் நின்று பொய் சொல்லக் கூடாது, எரிந்தது.

அப்புறம் அரக்கோணத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்கு ரயில்வேயில் வேலை. நல்ல குடும்பம்தான். ஆனால் பெண் இதற்கு மேல் படிக்கக் கூடாது என்றார்கள். நான் முடியாது என்றேன். வீடு இரண்டுபட்டது. கடைசியில் அப்பா சொன்னார்: "ஜூன் மாசம் வரைக்கும் டைமு. அதுக்குள்ள உன் பி.ஏ. இந்த ஊருக்கு வந்துச்சின்னா படி. வரலன்னா வாய மூடிக்கினு கழுத்த நீட்டு."

வராது என்ற தைரியத்தில் சொன்னார். நானும் சரி என்று சத்தியம் செய்தேன்.

அந்த வார ஜெபக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் விண்ணப்பத்தைச் சொன்னார்கள். ஒருவருக்கு முட்டி வலி, இன்னொருவருக்குப் பிள்ளை வரம். என் முறை வந்தது. "நம்ம ஊருக்கு பி.ஏ. வேணும்" என்றேன். சிரிக்காதவர்கள் கிடையாது. சபை மூப்பர் ஒருவர், "ஏம்மா, ஆண்டவர்கிட்ட காலேஜா கேப்பாங்க? நல்ல புருஷனக் கேளு" என்றார்.

"கேக்கச் சொன்னவர்கிட்ட கேக்கறேன் ஐயா. உங்ககிட்டயா கேட்டேன்?"

அம்மா என் தொடையில் கிள்ளியது இன்னும் வலிக்கிறது.

லைப்ரரியின் கோடியில் ஒரு காலி அலமாரி இருந்தது. அன்றிலிருந்து தினமும் முதலில் அதைத்தான் துடைப்பேன். "இது பி.ஏ. புஸ்தகத்துக்கு, மறந்துடாதீங்க" என்று ஆண்டவருக்கு ஞாபகப்படுத்துவேன்.

ஏப்ரலில் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். பட்டப் படிப்பு கேட்டு யுனிவர்சிட்டிக்கு எழுதிப் போட்டிருக்கிறார். மூன்று பேர் மெட்ராசிலிருந்து பார்க்க வருவார்கள். "சேர ஆள் இருக்குன்னு அவங்க கண்ணால பாக்கணும். நாற்பது பேரக் கொண்டாந்து கிளாஸ்ல உக்கார வை" என்றார்.

என்னிடம் பழைய லைப்ரரி அட்டைகள் இருந்தன. பி.யு.சி. முடித்துவிட்டு ஊரோடு தங்கிப்போனவர்கள் யார் யார் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. முக்கால்வாசிப் பேர் பட்டுத் தறியில் இருந்தார்கள். வீடு வீடாகப் போனேன். சில வீடுகளில் நான் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு வாசலிலேயே நிற்க வைத்தார்கள். நின்றேன். நின்றுகொண்டே பேர் எழுதினேன்.

முருகேசன் என்று ஒரு நெசவாளி, கணக்கில் முதல் வகுப்பு. அவர்தான் வழி சொன்னார்: "வேல நாள்ல தறிய வுட்டு வர முடியாதும்மா. அமாவாசை அன்னிக்கு வெச்சிக்கோ. எல்லாத் தறிக்கும் லீவு." ஆபீஸ் காலண்டரைப் பார்த்துத் தேதியைப் பிரின்சிபாலிடம் சொன்னேன். அவர் எழுதினார். அந்தத் தேதியே உறுதியானது.

அந்த நாளும் வந்தது. மூன்று பெரியவர்களும் முந்தின நாளே வந்து தங்கியிருந்து, காலையிலேயே கல்லூரிக்கு வந்துவிட்டார்கள். வகுப்பில் பெஞ்சுகள் பளபளவென்று இருந்தன. உட்கார ஒரு ஆள் இல்லை. பிரின்சிபால் என்னை முறைத்தார். விசாரிக்கப் போன கல்லூரிப் பியூன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்: "லீவு நேத்தே வுட்டுட்டாங்கம்மா! இன்னிக்கு தெரு பூரா பாவு போட்டுக்கினு இருக்காங்க."

அந்த மாதம் அமாவாசை ஒரு நாள் நடுவில் ஆரம்பித்து மறுநாள் நடுவில் முடிந்திருக்கிறது. காலண்டரில் மறுநாளைப் போட்டிருந்தார்கள். தறிக்காரர்கள் பஞ்சாங்கப்படி முதல் நாளே லீவு விட்டுவிட்டார்கள். கிறிஸ்தவ வீட்டில் பஞ்சாங்கம் ஏது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

லைப்ரரிக்குள் ஓடினேன். காலி அலமாரியில் தலையை முட்டிக்கொண்டு நின்றேன். முட்டி போடக்கூட நேரமில்லை. "எல்லார் முன்னாலயும் என்னப் பேச வெச்சது நீர்தானே? இப்ப கைவிட்டா நான் வுடறதா இல்ல. எதனா பண்ணும்!" என்றேன். இப்படித்தான் ஜெபித்தேன். மரியாதையான ஜெபம் இல்லை. ஆனால் தலை நிமிர்ந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. அதை நானாக யோசிக்கவில்லை, யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

பெரியவர்கள் எழுந்து கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு நடுவில் போய் நின்றேன்.

"ஐயா, அவங்க வரலன்னா இன்னா, நாம போலாம். பத்து நிமிஷம்."

மூவரில் மூத்தவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி, காரில் ஏறு" என்றார்.

தெருமுனையில் கார் நின்றுவிட்டது. நெய்யப்போகும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்துக் காயவிட்டிருந்தார்கள். அதுதான் பாவு. ஒன்றல்ல, வரிசையாக. வானம் மூட்டமாக இருந்ததால் எதுவும் இன்னும் காயவில்லை. சீக்கிரம் போகலாம் என்று ஒருவர் காலைத் தூக்கினார். "ஐயோ, தாண்டாதீங்க! சுத்திக்கினு வாங்க!" என்று ஒரு அம்மாள் போட்ட சத்தத்தில் அவர் காலை அப்படியே கீழே வைத்தார்.

பாவு ஓரமாகவே நடந்தோம். அறுந்த இழையை முடிந்துகொண்டு, இரண்டு பக்கமும் நின்றவர்கள் யார்? என் அட்டையில் இருந்தவர்கள்! நான் பேரைக் கூப்பிடக் கூப்பிட, கையெடுக்காமலே பதில் சொன்னார்கள். சத்தம் போட்ட அம்மாளும் பி.யு.சி.தான். "ரெண்டு மார்க்ல பர்ஸ்ட் கிளாஸ் போச்சுங்க, அந்தக் கோவம் இன்னும் இருக்குது" என்றாள். பெரியவர்களே சிரித்துவிட்டார்கள்.

"இதையெல்லாம் விட்டுட்டுக் காலேஜுக்கு வருவியா?" என்று மூத்தவர் முருகேசனைக் கேட்டார்.

"எப்படிங்க வுட்டுட்டு வர்றது? பொழுது சாஞ்சா தறி நிக்கும். அப்ப கிளாஸ் வெச்சிப் பாருங்க, இந்தத் தெருவே வரும்."

மாலை வகுப்பு வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன், அது பாவு ஓரமாகக் கைமாறிப் போனது. திரும்பி வந்தபோது நாற்பதுக்கு மேல் கையெழுத்து, அத்தனையிலும் கஞ்சி விரல் ரேகை. மூத்தவர் அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

கவனியுங்கள். பெரியவர்கள் லீவு நாளில் வந்திருந்தால் தறிக்காரர்களில் பாதிப் பேர் சினிமாவுக்கும் திருப்புட்குழி கோயிலுக்கும் போயிருப்பார்கள். வானம் மூட்டமாக இல்லாமல் இருந்தால் அந்த நேரத்துக்குப் பாவு காய்ந்து சுருட்டியாகியிருக்கும். எல்லோரும் ஒழுங்காக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் பகல் வகுப்பு கிடைத்திருக்கும், அவர்களில் ஒருவரும் சேர்ந்திருக்க முடியாது. என் தப்பையே எடுத்து ஆண்டவர் பதிலாகத் தந்தார்.

ஜூன் முடிய நான்கு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. பி.ஏ., மாலை வகுப்பு. அப்பா இரண்டு தரம் படிக்கச் சொன்னார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, அரக்கோணத்துக்காரர்களிடம் முடியாது என்று சொல்ல அவரே ரயிலேறிப் போனார். நான் பட்டம் வாங்கினேன். முருகேசனும் வாங்கினார். ரெண்டு மார்க் அம்மாள் இந்தத் தடவை முதல் வகுப்பு.

இப்போது நான் அதே கல்லூரியில் லைப்ரேரியன். அந்த அலமாரி நிரம்பி வழிகிறது. போன வாரம் அந்த மூப்பர் ஐயா தன் பெண்ணுக்கு பி.ஏ. அப்ளிகேஷன் கேட்டு வந்து நின்றார். கோபித்துக்கொள்ளாதீர்கள் ஐயா, முன் வரிசையில் உட்கார்ந்து நீங்களே சிரிக்கிறீர்கள். "நல்ல புருஷனக் கேக்கலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தேன்.

அதனால் சொல்கிறேன், கேளுங்கள். பணிவாகக் கேட்க வரவில்லையா, சண்டை போட்டுக் கேளுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இது போதும் என்று யாராவது சொன்னால் அதற்கு மட்டும் ஆமென் சொல்லாதீர்கள்.