பார்த்தவன் பெயர்

அன்று மாடியில் இருந்தது மூன்று பேர்: ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைத் தொடங்கிய டீச்சர், பிறையில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்த, நாங்கள் தம்பி என்று கூப்பிடும் இளைஞர், நான். கீழே, பினாங்கு சூலியா தெருவில் என் அச்சுக்கடை. என் பள்ளிப் படிப்பு மூன்றாம் படிவத்தோடு சரி.

தபால் உறைகளில் முகவரி அச்சடிக்கும் புரோகிராம் அது. எழுதிய நிரல் இணையத்தில் திறந்தே கிடந்தது. யாரும் எடுக்கலாம், திருத்தி அனுப்பலாம். வரும் திருத்தங்களைத் தாளில் எடுத்து, அடிக்கோல் வைத்துப் பழைய வரியையும் புதிய வரியையும் ஒப்பிடுவது என் வேலை. பார்த்தவன் என்று என் பெயர் விழுந்த பிறகுதான் எதுவும் உள்ளே போகும்.

தம்பி கொண்டுவந்தது பெரிய திருத்தம். புரோகிராம் செய்யும் வேலை மாறாது, உள்ளே சுத்தம் மட்டும் என்றார். ஒரே மாதிரி தெரிந்த பகுதிகளை ஒன்றாக்கியிருந்தார், பெயர்களையும் மாற்றியிருந்தார். எனக்குப் பயமா இருக்கு என்றேன். எங்கே தப்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"தம்பி, பேரு மாத்துனது தனியா, ஒண்ணாக்குனது தனியா குடுங்களேன். கலந்து கிடந்தா பிடிபடல."

"அண்ணே, உங்களுக்கு மழை வந்தாலும் பயம், வரலன்னாலும் பயம். ஓடுதான்னு பாருங்க லா."

சூலியா தெரு, பிறை, கெப்பாலா பத்தாஸ் என்று மூன்று முகவரிகளை அடித்துக் காட்டினார். மூன்றும் சுத்தமாக வந்தன.

"அப்புறம் என்ன, அண்ணன் பேரைப் போட்டு ஏத்திடுங்க தம்பி," என்றார் டீச்சர். நான் சரி என்று சொல்லவில்லை. தம்பியே என் பெயரைத் தட்டினார்.

அடுத்த மாதம் ஒரு கோயிலுக்குத் திருவிழா அழைப்பு உறைகள் அடித்தேன். எல்லாம் பக்கத்து மாநிலமான கெடாவுக்கு. பினாங்கில் போஸ்கோட், அதாவது அஞ்சல் எண், ஒன்றில் தொடங்கும், கெடாவில் பூஜ்யத்தில். போஸ்கோடையும் மற்ற எண்களையும் தம்பி ஒன்றாக்கியதில், முன்னால் நின்ற பூஜ்யம் மதிப்பில்லாதது என்று விழுந்துவிட்டது. நாங்கள் அடித்துப் பார்த்த மூன்றும் பினாங்கு முகவரிகள். திருவிழா முடிந்து உறைகள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. கோயில்காரர் காசு தர மறுத்துவிட்டார்.

டீச்சருக்குப் போன் செய்தேன்.

"பார்த்தது நீங்கதானேண்ணே? உங்க பேருதானே இருக்கு?"

"நான் வேணாம்னுதானே சொன்னேன், டீச்சர்."

"எங்கே சொன்னீங்க? பயமா இருக்குன்னீங்க. அது உங்களுக்கு எப்பவும் உள்ளதுதானே."

தம்பி பூஜ்யத்தைத் திரும்ப வைத்து இன்னொரு திருத்தம் செய்தார். பார்த்தவர் என்ற இடத்தில் டீச்சரின் பெயர். அதற்குப் பிறகு எனக்குப் பார்க்க எந்தத் திருத்தமும் வரவில்லை. பழைய திருத்தத்தில் மட்டும் என் பெயர் அப்படியே கிடக்கிறது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கோயிலிலிருந்து வர வேண்டிய கூலி நூற்று அறுபது வெள்ளி.