தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

"எல்லாம் அவனவன் செய்த வினை" என்று யாராவது என் முன்னால் உட்கார்ந்து சொன்னால் எனக்கு வாயில் எச்சில் ஊறும். பசியில் ஊறுகிற எச்சில் இல்லை. எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வருவேன். வெற்றிலை போடாத ஆள் எதற்கு இப்படித் துப்புகிறான் என்று கேட்டவர்கள் உண்டு. பதில் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

பழங்காநத்தத்தில் ஒரு மாட்டுத் தீவனக் கடையில் எனக்கு வேலை. திருமங்கலத்திலிருந்தும் கல்லுப்பட்டிப் பக்கமிருந்தும் பருத்தி ஏற்றி வரும் வண்டிகள் டவுனுக்குள் நுழையும் முன் எங்கள் கடை வாசலில் நிற்கும். புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு எல்லாம் நிறுத்துக் கொடுப்பேன். கடைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளை இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தார். என்னைவிடச் சின்னவர், என்னை அண்ணே என்பார். அவருக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து, மூன்றும் தவழுவதற்கு முன்னாலேயே போய்விட்டன. நாலாவதாகப் பையன் பிறந்ததும் அவனைத் தவிட்டுக்கு விற்றுவிடுவது என்று முடிவு செய்தார்கள். எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறப்பதைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, மூக்குக் குத்தி, ஒரு முறம் தவிட்டுக்கு வேறு வீட்டாருக்கு விற்பார்கள். விற்றது பேச்சுக்குத்தான். பிள்ளை பெற்றவர்களிடமே வளரும். பெற்றவர்களின் பாவம் பிள்ளையைத் தேடி வரும்போது, இது இவர்கள் பிள்ளை இல்லை, குப்பையில் கிடந்தது, விலைபோனது என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுமாம்.

வாங்குகிற வீடு எங்கள் வீடு என்று பேச்சானது. தவிடு நிறுக்கிறவன் தவிடு கொடுத்துப் பிள்ளை வாங்குகிறான் என்று கடை வாசலே சிரித்தது.

"கடைத் தவிடா, வீட்டுத் தவிடா மாப்ள?" என்று ஒரு வண்டிக்காரர் கேட்டார். "கடைத் தவிடுன்னா பிள்ளை மொதலாளிக்குல்ல சேரும்."

"மொதலாளிக்கு இருக்க பிள்ளைகளே ஒரு வண்டி. அவரு தவிட்டத் திருப்பிக் கேப்பாரு," என்றார் இன்னொருவர்.

என் மனைவி வீட்டில் குத்திய நெல்லின் தவிட்டை முறத்தில் எடுத்துப்போனாள். குப்பைமேட்டில் சாம்பலும் சாணியும் அப்பியிருந்த பிள்ளையை அவள் கையில் கொடுத்தார்கள். மூக்குக் குத்திய வலியில் அது வீறிட்டுக்கொண்டிருந்தது. மூக்கில் ஈ உட்கார்ந்தது. அவள் முந்தானையால் ஓட்டிக்கொண்டே இருந்தாள். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு குமாஸ்தாவும் இருந்தார். சர்க்கார் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் மீனாட்சி கோயிலுக்குப் போய் வந்து, வயிறாரச் சாப்பிட்டு, ஈர்க்குச்சியால் பல் குத்திக்கொண்டே சந்தில் யாருக்கு எதனால் என்ன வந்தது என்று விளக்கம் சொல்வார். விதவைக்கும் விளக்கம் உண்டு, கண் தெரியாதவனுக்கும் உண்டு. "இனிமே சித்ரகுப்தனே வந்தாலும் வீடு மாறிப் போவான்," என்றார் அன்றைக்கு.

எனக்கு அப்போதே ஒன்று நெருடியது. ஏழு பிறவிக்கு முன்னால் ஒருவன் செய்ததை மறக்காத நீதிக்கு, ஒரு மண்சுவருக்கு அந்தப் பக்கம் கிடக்கிற பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகுமா? ஒரு முறம் தவிட்டில் ஏமாறுகிற நீதி, மூன்று பச்சைப் பிள்ளைகளை மட்டும் எப்படித் தவறாமல் கண்டுபிடித்தது? கேட்கவில்லை. பிள்ளை பிழைக்கட்டும் என்று நானும் நின்றேன்.

பிழைத்தான். தேடி வருகிற பாவத்துக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று பெற்றவளை அக்கா என்றும் என் மனைவியை ஆத்தா என்றும் கூப்பிடப் பழக்கினார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருப்பான். சோறு அங்கே, தூக்கம் இங்கே.

இரண்டு வயது முடிந்து ஓர் ஆடி மாதத்தில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது வலது கால் ஈரத்துணி மாதிரித் துவண்டு கிடந்தது. என் மனைவியும் பெற்றவளும் அவனைத் தூக்கிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நானும் போனேன். டாக்டர் காலைத் தட்டிப் பார்த்தார். பிள்ளைகளுக்கு வருகிற ஒரு காய்ச்சல் இது, நரம்பைக் கெடுத்துவிடும், இதற்கு மருந்து கிடையாது என்றார். பெற்றவள் அழுததைப் பார்த்து, "யார் மேலயும் தப்பில்லம்மா," என்று சேர்த்துச் சொன்னார். வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் என் மனைவி அந்த ஒரு பேச்சையே சொல்லிக்கொண்டு வந்தாள். "யார் மேலயும் தப்பில்லையாம். கேட்டீகல்ல, யார் மேலயும் இல்லையாம்."

சந்து அதை ஒப்புக்கொள்ளவில்லை. யார் மேலாவது எழுதினால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும்.

அடுத்த வருஷம் பெற்றவள் மறுபடி உண்டானாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்க்காமல் என் வீட்டுக் கதவைப் பார்த்துப் பேசினார்.

"தப்பா நெனைக்காதீக அண்ணே. இவன் எங்க வீட்டுல இருந்தா வயித்துல இருக்கதுக்கு ஆகாதுங்கிறாக. மொறைப்படி பாத்தா பிள்ள உங்க பிள்ளதான. வித்தது வித்ததுதான."

பின்னாலேயே குமாஸ்தா வந்திருந்தார். "அவன் சொல்றதுல ஞாயம் இருக்குப்பா. வித்த அன்னைக்கே பெத்தவன் பாவம் அத்துப்போச்சு. அதுக்கப்புறம் வந்தது வாங்குன வீட்டுக் கணக்கு. ஒங்க வீட்டுல பிள்ளையில்லாத பாவம் ஒண்ணு இருக்குல்ல, அது எறங்க எடம் பாத்துக்கிட்டே இருந்திருக்கு."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். பல்லிலிருந்து எடுத்ததைப் பார்த்துவிட்டுச் சுவரில் தடவினார். எங்கள் வீட்டுச் சுவர். அந்த இடத்தை நான் பிறகு சாணி கரைத்து மெழுகினேன்.

என் மனைவி மாவுக்கையோடு வெளியே வந்தாள். "சரிங்கய்யா. அம்புட்டுப் பாவமும் ஏந்தலையிலயே இருக்கட்டும். பிள்ள மேல மட்டும் ஒண்ணும் எழுதாதீக."

குமாஸ்தா கொஞ்சம் யோசித்தார். "அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஒருத்தர் வினைய இன்னொருத்தர் சொமக்க முடியாது. கால் அவன் காலுதான. அவன் என்னமோ செஞ்சிருக்கான்."

முதல் மூச்சில் பாவம் தவிட்டோடு வீடு மாறியது. இரண்டாவது மூச்சில் அது யாரை விட்டும் நகராது. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கஷ்டமாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டுக்கும் தலையாட்டினார்.

பெற்றவள் வெளியே வரவில்லை. அவனுடைய துணிகளை ஒரு பழைய சேலைக் கிழிசலில் கட்டி வாசல்படியில் வைத்திருந்தாள். புருஷன் மில்லுக்குப் போனபின் மத்தியானத்தில் வருவாள். அவனை மடியில் போட்டுக் காலை நீவுவாள். "அக்கா வந்துருக்கு," என்று அவன் என் மனைவியைக் கூப்பிட்டுச் சொல்வான். அடுத்த பிள்ளை நல்லபடி பிறந்து, நல்லபடி நடந்தது. பீடை வீடு மாறிவிட்டது என்று சந்து முழுக்கப் பேச்சு. அதன் பிறகு அவள் வருவது குறைந்தது, நின்றது. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பேச்சைப் பேசியவர்களைச் சொல்வேன்.

பையன் எங்களோடு வளர்ந்தான். கக்கத்தில் ஒரு கழி வைத்துக்கொண்டு கடைவரைக்கும் வருவான். அவனுக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு மத்தியானம் வண்டிக்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஒங்க பய எதுக்கு எம் மாட்டுக்குக் கும்புடு போடுறான்? எனக்கு ஒருநாளும் போட்டதில்லையே."

வெளியே வந்து பார்த்தேன். அவிழ்த்துக் கட்டியிருந்த மாடுகளுக்கு முன்னால் கழியில் சாய்ந்து நின்றுகொண்டு இரண்டு கையையும் கூப்பியிருந்தான். "தெரியாம ஒதைச்சிட்டேன். இனிமே ஒதைக்க மாட்டேன்," என்று ஒரு மாட்டிடம் சொல்லிவிட்டு, கழியை ஊன்றி நகர்ந்து அடுத்த மாட்டிடம் அதையே சொன்னான். மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"யாருப்பா சொன்னது ஒனக்கு?" என்றேன்.

"குமாஸ்தா தாத்தா. போன சென்மத்துல மாட்ட ஒதைச்ச காலாம். எந்த மாடுன்னு தெரியாதாம். அதான் எல்லா மாட்டுக்கிட்டயும் கேக்குறேன்."

அவன் முகத்தில் அழுகை இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்கிறவன் முகம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தராசை அப்படியே விட்டுவிட்டுக் குமாஸ்தா வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டு முடித்திருந்தார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"ஐயா பாத்தீகளா?" என்று கேட்டேன்.

"எதப்பா?"

"அவன் ஒதைச்சத."

சிரித்தார். "அது கண்ணால பாக்குற சமாச்சாரமா. நல்லதுக்குத்தான் சொன்னேன். இப்பவே மன்னிப்புக் கேட்டுட்டா அடுத்த சென்மம் நல்லாருக்கும்ல."

"பாக்காததப் பிள்ளகிட்டச் சொல்லாதீக."

சிரிப்பு நின்றது. "அப்ப, காரணம் இல்லாம ஆண்டவன் ஒரு பிள்ளைய முடமாக்கிட்டாருங்கிறியா? அப்படிச் சொல்றதுதான்யா பாவம்."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆண்டவன் மேல் பழி வராமல் இருக்க இவர் ஆறு வயதுப் பையனைப் பிடித்துக் கொடுக்கிறார். நானும் கோயிலுக்குப் போகிறவன்தான். வெள்ளிக்கிழமை அம்மன் சன்னிதியில் நின்று கும்பிடுகிறவன். இப்படி ஒரு தயவை அவள் யாரிடமும் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளியே வந்து அவர் வீட்டுச் சாக்கடையில் துப்பினேன். அவர் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தது.

வந்து பையனைச் சாக்கு மேல் உட்காரவைத்தேன். "நீ மாட்ட ஒதைக்கலப்பா," என்றேன்.

"அப்ப யாரு ஒதைச்சது?"

"யாரும் ஒதைக்கல."

"அப்பக் கால்?"

"காய்ச்சல் வந்துச்சு. அம்புட்டுத்தான்."

"காய்ச்சல் ஏன் ஏங்கிட்ட வந்துச்சு?"

தெரியவில்லை என்றேன். உண்மை அதுதான். குமாஸ்தாவிடம் பதில் இருந்தது, என்னிடம் இல்லை. எந்தப் பிள்ளையும் பதில் இருக்கிற ஆளைத்தான் நம்பும்.

குமாஸ்தா நெடுநாள் இருந்து, தூக்கத்திலேயே போனார். புண்ணியவான், நோகாமல் போய்ச் சேர்ந்தார் என்று சந்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் போய்த்தான் பாடை தூக்கிவிட்டு வந்தேன்.

பையனுக்கு இப்போது மீசை அரும்புகிறது. கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து நிறுக்கிறான். என்னைவிட நன்றாகப் பேசுகிறான், வண்டிக்காரர்களைக் கிண்டல் செய்கிறான், அவர்களும் விடுவதில்லை. கும்பிடு போடுவதெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது. ஆனால் மாடு ஏதாவது கடை வாசலை ஒட்டி வந்தால், பேச்சை நிறுத்தாமலே குனிந்து, அசையாத அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறான். மாட்டின் மேல் பட்டுவிடாமல். மாடு போனபின் பழையபடி நீட்டிவிடுகிறான். எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன்.

"என்னது?" என்றான். அவனுக்கே தெரியவில்லை.