எதிரிகள் இல்லாத கோட்டை

என் அக்கா புருஷனுக்குத் தண்ணீர் மோட்டார் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் ‘விஞ்ஞானி’ என்று கூப்பிடுவார்கள். அது கிண்டல் என்று அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

கம்பெனி தூக்கிப் போட்ட ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்குச் சுமந்து வந்தார் மாமா. சின்ன வயதில் ஆடிய கோட்டைச் சண்டை விளையாட்டை அதில் ஓட்டிக் காட்டுவதாகச் சபதம் வேறு. அந்தப் பழைய விளையாட்டுக்காகவே சில புண்ணியவான்கள் அதை ஓட்டும் மென்பொருளாகப் புதிதாக ஒரு இன்ஜின் எழுதி, யார் வேண்டுமானாலும் பிரித்து மாற்றிக்கொள்ளலாம் என்று இணையத்தில் இலவசமாக விட்டிருந்தார்கள். எப்படி ஓட்டுவது என்ற குறிப்பும் கூடவே இருந்தது. மாமா அந்தப் பக்கமே போகவில்லை.

“குறிப்பைப் படிச்சு ஓட்டுறவன் யூசர். நான் டெவலப்பர்.”

ஓடத்தான் செய்தது. வீரன் ஒரு காலை வைத்து அடுத்த காலைத் தூக்குவதற்குள் அக்கா மாடியில் துணி உலர்த்திவிட்டு வந்துவிடுவாள். மாமா இசையை எடுத்தார். சுவரிலிருந்த கல்லையும் பாசியையும் சுரண்டிவிட்டுச் சாம்பல் நிறம் பூசினார். கடைசியில் எதிரிகளையே எடுத்தார். வேகம் பிய்த்துக்கொண்டு வந்தது. பெருமை தாங்காமல் சூப்பர்வைசரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினார்.

“யாரைய்யா சுடணும்?” என்றார் அவர்.

“யாரும் இல்ல சார். அவங்க வந்தா ஸ்லோ ஆயிடும்.”

“அப்ப கையில துப்பாக்கி எதுக்கு?”

மறுநாள் மாமா துப்பாக்கியையும் எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் வேகம் கூடியதாம்.

இந்தச் சாதனையை இன்ஜின் எழுதியவர்களுக்கே அனுப்பி வைத்தார். பதில் மரியாதையாகத்தான் வந்தது: ‘நீங்கள் வேகப்படுத்தவில்லை, காலி செய்திருக்கிறீர்கள். குறிப்பின் முதல் பக்கத்தில் உள்ளபடி திரையில் தெரியும் படத்தின் அளவைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.’

“பொறாமை புடிச்சவனுங்க!” என்று குதித்த மாமா, கட்சியை உடைப்பதுபோல இன்ஜினை உடைத்துத் தன் பெயரில் தனியாக வெளியிட்டார். தலைவரும் அவரே, தொண்டரும் அவரே.

அந்தப் பதிலை அக்காவும் படித்திருந்தாள். மாமா வேலைக்குப் போயிருந்தபோது மூல இன்ஜினை மறுபடி இறக்கி, படத்தின் அளவைக் குறைத்தாள். இசை கிளம்பியது. எதிரிகள் கூட்டமாக ஓடி வந்தார்கள். சாயங்காலம் மாமா உள்ளே நுழைந்தபோது வீடு முழுக்க வெடிச்சத்தம்.

“இவனுங்களை யாரு உள்ள விட்டது?” என்று கத்தினார். “படத்தைச் சின்னதாக்கி ஓட்டுறது ஏமாத்து வேலை. இது என் இன்ஜினே இல்ல.”

“மறைக்காம தள்ளி நில்லுங்க. ஒருத்தன் பின்னாடி வர்றான்” என்றாள் அக்கா.

சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றார் மாமா. திரையை எட்டிப் பார்த்து, “வலது பக்கம் ஒரு கதவு இருக்கும்” என்றார், சுரத்தே இல்லாமல்.

“தெரியும். அங்க போய்த்தான் ரெண்டு தடவ செத்தேன்.”