முறுக்கிக் கிடந்த இலை

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு சாம்பல் நிறக் கல் இருக்கிறது. அதில் ஓர் இலை பதிந்திருக்கிறது. நடுவில் தண்டு, இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி சிற்றிலைகள். பாதி தூரம் போனதும் இலை முறுக்கித் திரும்பிக்கொள்கிறது.

எங்கள் ஊர் ஆவடிப் பக்கம் கிணறு வெட்டிக்கொண்டிருந்தேன். அங்கேதான் மேடம் வந்தார். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் செடிகொடிப் பாடம் நடத்துகிறவர். நாங்கள் வெட்டிக் கொட்டிய கல்லை உளி வைத்து ஏடு ஏடாகப் பிரித்தால் உள்ளே இலை இருக்கும். மனிதனே இல்லாத காலத்து இலை என்றார். பிரித்துக் கொடுக்க என்னை வைத்துக்கொண்டார்.

பூ கிடையாது, காய் கிடையாது. இலையை வைத்தே இன்ன செடி என்று சொல்லவேண்டும். நரம்பு எப்படி ஓடுகிறது, சிற்றிலை தண்டில் எங்கே ஒட்டுகிறது என்று லென்ஸில் பார்ப்பார். இரண்டு தட்டு வைத்திருந்தார். சிற்றிலைகள் தண்டை மூடியிருந்தால் முதல் தட்டு. அது ஏற்கெனவே பேர் உள்ள செடி. தண்டு பளிச்சென்று தெரிந்தால் இரண்டாம் தட்டு. அது யாரும் பேர் வைக்காத புதுச் செடி.

"அண்ணே, இதுக்கு உங்க ஊர் பேருதான் வைக்கப்போறேன்" என்றார். வருடக்கணக்காக அதைப் பற்றி எழுதினார். அச்சுக்கு அனுப்புவதுதான் பாக்கி.

டீக்கடையில் சொல்லிவிட்டேன். என் மச்சான் விடவில்லை.

"இன்னா மாமே, உன் கீரைக்குப் பேர் வெச்சாச்சா? காது குத்து எப்போ?"

"கம்முனு கெட. உலகமே நம்ம ஊர் பேரச் சொல்லப்போவுது."

ஒரு மதியம் நீளமான கல் ஒன்றைத் தட்டினேன். டக்கென்று இரண்டு ஏடாகத் திறந்தது, இரண்டிலும் ஒரே இலையின் பதிவு. முழு இலை. பெருமையாகக் கொடுத்தேன். பார்த்தவர் அப்படியே கல் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒடஞ்சி பூட்சா மேடம்?"

"இல்லண்ணே. முழுசா இருக்கு. அதான்."

முறுக்குக்குக் கீழே சிற்றிலைகள் தண்டை மூடியிருந்தன. மேலே தண்டு பளிச்சென்று தெரிந்தது.

"சிற்றிலை தண்டோட மேல்பக்கம் ஒட்டியிருக்கு. மேலேருந்து பாத்தா தண்டு மறையும். திருப்பினா தெரியும். ஒரே இலைண்ணே. நான் ரெண்டு செடின்னுட்டேன்."

பக்கத்தில் சுத்தியல் கிடந்தது. ஓர் அடி போதும், தூளாகிவிடும். நான் சுத்தியலைப் பார்த்தேன். நிமிர்ந்தால் மேடமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எழுந்தார். இரண்டாம் தட்டில் இருந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்து முதல் தட்டில் வைத்தார். நானும் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தக் கல்லின் மறுபாதியை எனக்குக் கொடுத்தார். பின்னால் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். மேலே பழைய செடியின் பேர், என் வாயில் நுழையாது. கீழே பொடி எழுத்தில், கிடைத்த இடம் ஆவடி.

கிணறு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். மேடமும் உயிரோடு இல்லை. கல்லை எடுத்துத் துடைப்பேன். துணி முறுக்கு வரைக்கும் போகும். அங்கே கை நின்றுவிடும்.