மூக்குப் பக்கமா, வால் பக்கமா

வீட்டுக்கு மூத்த மருமகள் என்பதால் எல்லோருக்கும் அவள் பெரியவள். எலியின் காலில் கம்பி வைப்பது பதினோரு வருஷமாக அவள் வேலை. எலியை மயக்கி, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைப் பின்னங்காலின் கெண்டைத் தசையிலும் முன் தசையிலும் தைத்து, தோலுக்கடியில் ஓட்டி, தலைமேல் உட்காரும் குட்டிப் பிளக்கில் சேர்ப்பாள். காயம் ஆறியதும், ஓடும் பெல்ட்டில் எலி நடக்கும். எந்தத் தசை எப்போது வேலை செய்கிறது என்று திரையில் அலை எழும். தைக்கிற நாற்காலி அந்த ஆய்வுக்கூடத்தில் ஒன்றே ஒன்று. அதில் வேறு யாரையும் அவள் உட்காரவிட்டதில்லை.

கூண்டு கழுவ ஆள் கேட்டபோது கொழுந்தன் பெண்டாட்டியைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். யாரைச் சொல்லி நோவது? வீட்டில் மாமியார் வாய் திறந்தால் சின்னவள் புராணம். இங்கே வந்தால், பெரியவள் பெல்ட்டில் விட்டதும் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துவிடும் எலிகள், சின்னவள் கைபட்டால் ஜோராக நடக்கின்றன. அதைப் பார்த்த ஆய்வுக்கூடத் தலைவி டாக்டரம்மா, "தையலும் பழகிக்கோம்மா" என்று சொல்லிவிட்டார். அவளும் பழகி, ஒரு எலிக்குத் தைத்தேவிட்டாள். வெள்ளிக்கிழமை அதன் பதிவைப் பார்த்து நாற்காலி யாருக்கென்று முடிவு. பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அன்று காலை யாரும் வருமுன் சின்னவளின் பதிவைத் திறந்தாள். குறை கண்டுபிடிக்கத்தான் திறந்தாள், கண்டுபிடித்தும்விட்டாள்! தன் பதிவோடு வைத்துப் பார்த்தால் இரண்டு தசைகளின் அலைகளும் இடம் மாறியிருந்தன.

டாக்டரம்மா வந்ததும் வராததுமாக, "மேடம், சின்னவ கம்பிய மாத்தித் தச்சிருக்கா" என்று போட்டுக்கொடுத்தாள்.

டாக்டரம்மா வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பாதம் தரையை உந்தும்போது கெண்டை, பாதத்தைத் தூக்கும்போது முன் தசை. "இது சரியாத்தானே இருக்கு. உங்களதப் போடுங்க."

போட்டாள். எலி காலைத் தூக்கும்போது கெண்டை துடித்தது. அப்படி நடந்தால் எலி குப்புற விழும்.

அலையைப் பதிவு செய்ய மூன்று மாதம் முன் வந்த புதுப் பெட்டிக்குப் பிளக்கின் துளைகளை மூக்குப் பக்கமிருந்து எண்ண வேண்டும். அவள் பழக்கதோஷத்தில் வால் பக்கமிருந்தே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். அதனால் திரையில் கெண்டையின் பேரும் முன் தசையின் பேரும் இடம் மாறிவிட்டன.

"பேர மாத்தினாப் போதும், எதுவும் வீணாகல" என்ற டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். "இனிமே சின்னவளே தைக்கட்டும்."

கூண்டறையில் சின்னவள் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். பெரியவள் நடந்ததைச் சொல்லியும் அவள் முகத்தில் துளி ஆச்சரியமில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"போன மாசமே பாத்தேன்க்கா. சொன்னா உங்க நாற்காலி போயிடுமேன்னுதான் வாயத் தொறக்கல."

அவள் சிரித்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருக்கலாம். இப்போது அதற்கும் வழியில்லை.

"அத்தைய எடுத்துக்கிட்ட, எலியயும் எடுத்துக்கிட்ட, இப்போ நாற்காலியும் ஒனக்குத்தான்." பெரியவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். "நல்லவங்கற பேரையாவது எனக்கு விட்டுவைக்கக் கூடாதாடி?"