துணியைப் பார்த்து நோய் சொன்ன எல்லம்மா அக்கா

எல்லம்மா அக்கா இறந்த செய்தி எங்களுக்கு ஏரித் தண்ணீருக்குள் இருக்கும்போது வந்தது. நாங்கள் நாலைந்து பெண்கள் இடுப்பளவு நீரில் குந்தி, சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தோம். கோட்டைப் பக்கமிருந்து வந்த படகில் ஒருவர் எழுந்து நின்று, "வண்ணாரத் துறை எல்லம்மா பூட்டாங்க. காலைல கஞ்சி குடிச்சிட்டுப் படுத்தாங்களாம், அவ்ளோதான்" என்று குரல் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. ஊரில் எத்தனையோ பெண்களின் உபாதையைத் தீர்த்தவர், தான் ஒரு நாள்கூடப் படுக்கையில் கிடந்து துன்பப்படவில்லை.

அவரை உங்களுக்கெல்லாம் தெரியும். நம் குப்பத்து உடுப்புகளையும், உலாந்தா என்கிற டச்சுக் கம்பெனிக்காரர்கள் கோட்டையிலிருந்து கப்பலேற்றும் துணிகளையும் வெளுத்தவர். பிரசவமும் பார்ப்பார். நம் வீட்டுப் பெண்களின் தீட்டுத் துணிகள் அவர் கைக்குத்தான் போகும். "மூஞ்சியப் பாத்து எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியாது. துணியக் குடு, சொல்றேன்" என்பார். அவர் எனக்குச் சொன்னதை இன்று கூச்சமில்லாமல் எழுதுகிறேன். எழுதாவிட்டால் அவருக்குச் செய்யும் மரியாதை பாதியாகிவிடும்.

என் இரண்டாவது பிள்ளைக்குப் பால் மறக்கவைத்த வருஷம், மழை விட்டதும் எனக்கு அந்தரங்கத்தில் அரிப்பு தொடங்கியது. நாலு நாளில் போய்விடும் என்றிருந்தேன். மூன்று மாதம் ஆகியும் போகவில்லை. உட்கார முடியாது, நடக்க முடியாது, யாரிடமும் சொல்லவும் முடியாது. அழுக்குத்தான் காரணம் என்று நினைத்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை துணி வெளுக்கும் உவர்மண் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். யாரோ எப்போதோ சொன்னதைக் கேட்டிருந்த ஞாபகத்தில் பூண்டை நசுக்கி உள்ளே வைத்தேன். வெந்துபோயிற்று. அன்று சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள்ளேயே நடந்தேன்.

மாமியார் அதைக் கவனித்துவிட்டார். என் வீட்டுக்காரர் கம்பெனி மூட்டைகளைப் படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோகிறவர். "கோட்டைக்குப் போயிட்டு வர்றவன் வூட்ல இது வேற இன்னாவா இருக்கும்? பறங்கி வியாதிதான்" என்று மாமியார் வாசலில் நின்றே சொன்னார். வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. "நான் எந்தத் தப்பான எடத்துக்கும் போவல. அப்போ உனுக்கு எங்கேந்து வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். நானும் அதே கேள்வியை அவரிடம் கேட்க நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை என்னைக் காட்டூரில் என் அப்பா வீட்டில் படகில் கொண்டுபோய் விட்டுவிடுவதென்று முடிவாயிற்று. பிள்ளைகள் இங்கேயே இருக்கட்டும் என்றார்கள்.

வியாழக்கிழமை எல்லம்மா அக்கா அழுக்கெடுக்க வந்தார். மூட்டையைப் பிரித்து என் உள்துணியை வெயிலில் விரித்துப் பார்த்தார். தயிர் திரிந்ததுபோல வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தி, "எத்தினி நாளா அரிக்குது?" என்று, எத்தனை துணி போட்டிருக்கிறாய் என்று கேட்கிற அதே குரலில் கேட்டார். நான் உடைந்து அழுது, மண், பூண்டு, மாமியார் பேச்சு எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தார்.

"அடிப் பைத்தியமே, இது பறங்கி வியாதி இல்ல. அது வந்தவங்க துணியையும் நான்தான் தொவைக்கிறேன், அவங்க புண்ணையும் பாத்திருக்கேன். அது வேற, இது வேற. பகலெல்லாம் தண்ணில குந்திக்கினு, ஏறி வந்தும் அதே ஈரப் பொடவையோட கெடக்குற. இதுல மண்ணு வேற, பூண்டு வேற. வலிக்காம இன்னா செய்யும்?"

பிறகு கதவைத் திறந்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "நைனா, உன் துணியும் என்கிட்டதான் வருது. உனுக்கும் ஒரு மாசமா அரிப்பு இருக்குதே, நீ எங்க போயி வாங்கின?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் இருந்ததை எனக்குச் சொல்லவே இல்லை. "நீயும் எங்கயும் போவல, இவளும் போவல. ஈரத்துல வந்தது, ஒருத்தர்கிட்டேந்து ஒருத்தருக்கு ஒட்டிக்கிச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா பாத்துக்கினாதான் போவும். அதுவரைக்கும் தள்ளிப் படுங்க."

வாசலில் நின்ற மாமியாரைப் பார்த்து, "ஏம்மா, இவன் பொறந்தப்போ உனுக்கும் இதே வந்து நான் பாக்கலியா? மறந்து பூட்டியா?" என்றார். அன்று சாயங்காலம் மாமியார் தன் பழைய சேலையைக் கிழித்து, துவைத்துக் காயவைத்து, என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை படகு காட்டூருக்குப் போகவில்லை.

அக்காவின் வைத்தியம் பெரும்பாலும் எதைச் செய்யக்கூடாது என்பதுதான். உள்ளே எதையும் வைக்காதே, உள்ளே எதையும் ஊற்றாதே. வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய நீரால் வெளியே மட்டும், ஒரு நாளைக்கு ஒரு தடவை கழுவு. ஒற்றித் துடைத்து, காயவிட்டு, துளி தேங்காயெண்ணெய் தொட்டு வை. நீரைவிட்டு ஏறியதும் காய்ந்த துணிக்கு மாறு. உள்துணிகளை அவரே வெள்ளாவியில் வைத்து எடுத்து, வெட்டவெளியில் உலர்த்திக் கொடுத்தார். பத்து நாள் ஏரியில் இறங்காதே என்றார், இறங்கவில்லை. எட்டாம் நாள் எரிச்சல் அடங்கியது. பதினைந்தாம் நாள் காலையில் எழுந்து பிள்ளைக்குத் தலை வாரிவிட்ட பிறகுதான், அரிப்பின் நினைப்பே இல்லாமல் இவ்வளவு நேரம் இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது. கண்ணை மூடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எல்லாவற்றையும் தன்னால் தீர்க்க முடியும் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. என்னோடு இறால் பிடிக்கும் ஒருத்திக்கு இதே அரிப்பு போய்ப் போய்த் திரும்பி வந்தது. அவள் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை அக்கா கண்டுபிடித்தார். "இது நீரிழிவு. என் வேப்பந்தண்ணிக்கு அடங்காது. நீ வைத்தியர்கிட்ட போ" என்று பொன்னேரி வைத்தியரிடம் தானே கூட்டிக்கொண்டு போனார். அவள் இன்றும் எங்களோடுதான் ஏரியில் இறங்குகிறாள். இதை எழுதச் சொன்னவளும் அவள்தான்.

அக்காவை அடக்கம் செய்த அன்று குப்பத்துப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தோம். ஒவ்வொருத்திக்கும் அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. ஒன்றுகூட அந்தந்த வீட்டைத் தாண்டி வெளியே வந்ததில்லை.

நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது, குரலைத் தாழ்த்தாமல் கேட்கும் பழக்கம். போன வாரம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வாழ வந்த பெண் கரையில் கால் அகட்டி நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அருகே போய், "எத்தினி நாளா அரிக்குது?" என்று கேட்டேன். அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, "ஒரு மாசமா, அக்கா" என்று சொல்லி, பெரிதாக மூச்சு விட்டாள்.